தண்ணீர் அவுன்ஸ்

தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு நாகேஸ்வரி போகத் தொடங்கியது சம்பளத்துக்காக அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நர்ஸை நிறுத்திவிட்டார்கள், அதனால்தான். ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்த வருஷம் அது. கேகாலையைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. சில தோட்டங்கள் பால்வெட்டையே நிறுத்திவிட்டன. இந்தத் தோட்டத்தில் முதலில் வேலை மேற்பார்க்கும் கண்டக்டர் ஒருவர் போனார், அடுத்து நர்ஸ் போனாள். இனி யார் என்று உத்தியோகத்தர் எல்லாரும் வயிற்றில் நெருப்போடு இருந்த நேரத்தில், தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் இரத்தினசபாபதி துரையிடம் போய், பிள்ளை மடுவத்துப் பாலை என் மனைவி பார்த்துக்கொள்வாள், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மனைவியிடம் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"நீர் மிஷன் பள்ளிக்கூடத்தில இங்கிலீசு படிச்சனீர்தானே. பால்மாவை அளந்து கரைச்சுக் குடுக்கிறதுதான் வேலை. காலமையில கொஞ்ச நேரம்."

"பிள்ளையை ஆர் பாக்கிறது?"

மகனுக்கு அப்போது ஆறு மாதம்.

"சமையலுக்கு நிக்கிற சோமாவதி பாப்பாள்."

நாகேஸ்வரி மறுக்கவில்லை. வடக்கே சுழிபுரத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த நாள் முதல் அவள் கண்டது டிஸ்பென்சரி வீட்டின் நாலு சுவரும், சன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாக நின்ற ரப்பர் மரங்களும், மழையும்தான். வெளியே போக ஒரு சாட்டு கிடைத்ததே என்றுகூட நினைத்தாள்.

பிள்ளை மடுவம் என்பது ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். விடியுமுன்னே பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். கூரை வளையில் கட்டிய சேலை ஏணைகளில் பிள்ளைகள் தொங்கும். ஜெயம்மாதான் அங்கே ஆயா. புருஷனைப் பறிகொடுத்தவள். முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போனதால் அவளை மடுவத்தில் போட்டிருந்தார்கள். ஏணைகளை ஆட்டுவது, துணி அலசுவது, தண்ணீர் காய்ச்சுவது எல்லாம் அவள்தான்.

முதல் நாள் இரத்தினசபாபதியே கூட வந்து அளவைக் காட்டிக்கொடுத்தார். கேகாலையிலிருந்து வந்த டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு அது: ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பால்மா ஒரு அவுன்ஸ், கொதித்தாறின தண்ணீர் எட்டு அவுன்ஸ். டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணீர் அளக்கும் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் அவுன்ஸுக்கு அவுன்ஸ் கோடு போட்டிருந்தது. முதல் கோடு மட்டும் பால்மாவைப் போட்டு, மேலே கத்தியால் தட்டி மட்டப்படுத்திக் காட்டினார்.

"இவ்வளவுதான். கூடவும் போடக்கூடாது, குறையவும் போடக்கூடாது."

நாகேஸ்வரி அப்படியே செய்தாள். கோட்டுக்கு ஒரு நூல் மேலே போனால் திருப்பித் தட்டினாள்.

ஆனால் பிள்ளைகள் அழுதன. குடித்து முடித்த கையோடு அழுதன. "தோட்டத்துப் பிள்ளையளெல்லாம் இப்பிடித்தான், வயித்தில புழு" என்று இரத்தினசபாபதி பூச்சி மருந்து கொடுத்தார். மருந்துக்குப் பிறகும் அழுதன. மத்தியானம் தாய்மார் ரப்பர் பால் வாளிகளை ஸ்டோரில் ஊற்றிவிட்டு ஓடி வந்து மார் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் மடுவம் அடங்கும். அப்போதும் அடங்காத ஏணை ஒன்று இருந்தது. அது காத்தமுத்துவின் மகள் இந்திராணியுடையது. காத்தமுத்து மரம் வெட்டுகிறவன். பெண்சாதி பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளைக்கு மடுவத்துப் பாலை விட்டால் வேறு கதியில்லை. நாலு மாதமாகியும் பிறந்த பிள்ளை போலவே இருந்தது. தலை மட்டும் பெரிதாக, கழுத்து நிற்காமல், கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடக்கும். சூப்பிப் போத்தலில் பால் முடிந்த பிறகும் விடாது. வெறும் காற்றை உறிஞ்சும்.

ஒரு நாள் காலை ஜெயம்மா பீலியடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். இந்திராணி வீரிட்டு அழுதது. நாகேஸ்வரி பிள்ளைகளைத் தூக்குவதில்லை. அது ஆயாவின் வேலை. அன்றைக்கு என்னவோ கை தானாகப் போயிற்று. தூக்கித் தோளில் போட்டாள். பிள்ளை தோளில் நிற்காமல் சரிந்து சரிந்து வந்து அவள் நெஞ்சில் மூக்கைத் தேய்த்தது. வாயைத் திறந்து திறந்து தேடியது.

நாகேஸ்வரிக்கு மார் கட்டிக்கொண்டு வந்தது. சட்டை நனைந்தது. சேலைத் தலைப்பு நனைந்தது.

சுற்றிலும் பார்த்தாள். ஏணையில் கிடந்த பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தினால் ஒருவருக்கும் தெரியாது. யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு வந்தது, அது வந்த உடனேயே சுழிபுரத்து வீடும், மாமியும், "ஆற்றை பிள்ளைக்கடி பால் குடுத்தனீ?" என்று கேட்கப்போகும் அத்தனை குரல்களும் கூடவே வந்துவிட்டன. அவள் பிள்ளையைத் திரும்ப ஏணையில் போட்டாள். அது அழுகையை நிறுத்தி ஒரு கணம் அவளையே பார்த்தது. பிறகு இன்னும் உரத்து அழுதது.

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. இன்னொரு போத்தல் பால் கரைக்கலாம். டின்னைத் திறந்து கிளாஸில் அள்ளினாள். அள்ளும்போது டின்னில் ஒட்டியிருந்த கடதாசியில் கண் போயிற்று. ஒரு இறாத்தல் என்று போட்டிருந்தது. இறாத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ் என்பது பள்ளிக்கூடத்தில் பாட்டாகச் சொல்லிப் படித்தது. அப்படியானால் ஒரு டின் பதினாறு கிளாஸில் முடிய வேண்டுமே! முந்தின நாள் உடைத்த டின் இது. நேற்று எல்லாப் பிள்ளைகளுக்கும் இருவேளை அள்ளியாயிற்று, இன்றைக்கும் ஒரு வேளை முடிந்தது. முப்பது கிளாஸுக்கு மேலே போய்விட்டது. இன்னும் டின்னின் அடியில் மா கிடந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் டிஸ்பென்சரிக்குள் போனாள். இரத்தினசபாபதி மேல் டிவிசனுக்குப் போயிருந்தார். மருந்துத் தூள் நிறுக்கும் சின்னத் தராசின் ஒரு தட்டில் அவுன்ஸ் படிக்கல்லை வைத்தாள். மற்றத் தட்டில் கிளாஸ் கோடு மட்டும் அளந்த பால்மாவைக் கொட்டினாள். தட்டு அசையவில்லை. இன்னொரு கிளாஸ் கொட்டினாள். அப்போதுதான் முள் நடுவுக்கு வந்தது.

பின்னேரம் கணவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் தந்த கிளாஸ் தண்ணி அளக்கிற கிளாஸ் எல்லே?"

"ஓம். அதுக்கென்ன?"

"தண்ணி ஒரு அவுன்ஸ் பிடிக்கிற இடத்தில பால்மா அரை அவுன்ஸ்தான் பிடிக்குது. நிறுத்துப் பாத்தனான். டாக்டர் எழுதினது நிறை. நாங்கள் குடுக்கிறது பாதி."

இரத்தினசபாபதி உடனே விளங்கிக்கொண்டார். டிஸ்பென்சர் பரீட்சை பாஸ் பண்ணியவர். கோப்பையைக் கீழே வைத்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"நான் அதை யோசிக்கேல்லை" என்றார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீர் இதை ஆரிட்டையாவது சொன்னனீரோ?"

"இல்லை."

"சொல்லாதையும். போன மாசம் கொழும்பிலயிருந்து பெரிய துரை வந்தவர் தெரியுமோ? மற்றத் தோட்டங்களில போற பால்மாவில பாதிதான் இஞ்ச போகுதாம். எல்லாருக்கும் முன்னால என்னைக் கூப்பிட்டுக் கை குடுத்தவர். இப்ப போய் இரட்டிப்பாத் தாங்கோ எண்டு கேட்டால் என்ன சொல்லுவினம்? டிஸ்பென்சருக்கு அவுன்ஸ் தெரியாது எண்டு சொல்லுவினம். அடுத்து வெளியில போற பெட்டி எங்கடை பெட்டிதான்."

"அப்ப பிள்ளையள்?"

"மெல்ல மெல்லக் கூட்டுவம். ஒரேயடியா ஏலாது."

அவர் கொடியவர் அல்ல. காய்ச்சல்காரனைப் பார்க்க மழையில் நனைந்துகொண்டு மேல் டிவிசனுக்கு ஏறுகிற மனுஷன்தான். ஆனால் அந்த மாதமும் அடுத்த மாதமும் ஒரு டின்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. நாகேஸ்வரி இரண்டு தரம் நினைவூட்டினாள். மூன்றாம் தரம் அவர் சாப்பாட்டிலிருந்து எழும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஒரு கிளாஸ் போட்ட இடத்தில் இரண்டு கிளாஸ் போடத் தொடங்கினாள்.

நாலைந்து நாளில் மடுவம் வேறு மாதிரி ஆகிவிட்டது. குடித்த பிள்ளைகள் தூங்கின. ஏணைகளுக்கிடையில் நடக்கும்போது ஜெயம்மாவின் கால் சத்தம் கேட்டது.

"என்னாங்கம்மா மாயம் பண்ணுனீங்க? இம்புட்டு நாளா காது ரெண்டும் கிழிஞ்சு கெடந்துச்சு. இப்ப புள்ளைங்க மூச்சு வுடுறதே கேக்குது."

"பாலைக் கொஞ்சம் தடிப்பாக் கரைக்கிறன்."

"அதானே பாத்தேன். முந்தியெல்லாம் போத்தலுக்கு அந்தப் பக்கம் என் விரலு தெரியுமுங்க."

இந்திராணியின் கன்னத்தில் சதை வைத்தது. கழுத்து நிற்கத் தொடங்கியது. காத்தமுத்து ஒரு நாள் மத்தியானம் மகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனக்குதுங்கம்மா" என்றான். அதைச் சொல்லும்போதே வெட்கப்பட்டுச் சிரித்தான். நாகேஸ்வரிக்கு அன்றைக்கு வீடு திரும்பும் வழி முழுதும் மனம் நிறைந்திருந்தது. டின்கள் வேகமாகக் காலியாவது தெரிந்தது. வெறும் டின்களை ஜெயம்மா கேட்டாள், உப்புப் புளி போட்டு வைக்க. எடுத்துக்கொண்டு போ என்றாள் நாகேஸ்வரி.

மாதம் பாதியிலேயே பால்மா முடிந்துவிட்டது. ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. டிஸ்பென்சரைத் துரை கூப்பிடுகிறார் என்றது. இரத்தினசபாபதி போவதற்கு முன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

"ரெண்டாப் போட்டனீர்."

"ஓம்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

துரையின் முன்னால் அவர் என்ன சொன்னார் என்பது அன்று பின்னேரம் தெரிந்தது. களவு என்று அவர் சொல்லவில்லை. ஜெயம்மா என்று பெயர்கூட எடுக்கவில்லையாம். பால்மா அலுமாரிச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று துரை கேட்டாராம். என் மனைவியிடம் ஒன்று, ஆயாவிடம் ஒன்று என்றாராம். அவ்வளவுதான் சொன்னேன் என்று நாகேஸ்வரியிடம் மூன்று முறை சொன்னார். அதற்குள் கங்காணி தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போய் ஜெயம்மாவின் காம்பரா அறையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டான். அடுப்பு மேடையில் வரிசையாக இருந்தன பால்மா டின்கள். ஒன்றில் உப்பு, ஒன்றில் மிளகாய், ஒன்றில் புளி. டின்களைக் கூடையில் போட்டு ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்கவில்லை. ஜெயம்மாவின் பெயரை வெட்டி, வேலையை விட்டு அனுப்பும் பத்துச்சீட்டு எழுதியாயிற்று.

மறுநாள் காலை ஜெயம்மா டிஸ்பென்சரி வீட்டின் பின்வாசலுக்கு வந்தாள். படியேறவில்லை. கீழேயே நின்றாள்.

"அம்மா, நீங்கதான குடுத்தீங்க அந்த டின்னு?"

"நான்தான் குடுத்தனான்."

"வெறும் டின்னுதானுங்களே?"

"வெறும் டின்தான்."

"அதை ஒரு வார்த்த தொரகிட்ட சொல்லுங்கம்மா. எனக்கு யாரு இருக்கா? இந்தக் காலை வச்சுக்கிட்டு எந்தத் தோட்டத்துல பேரு பதிவாங்க? களவாணின்னு சீட்டுல எழுதிட்டா மாவனல்ல கடைத்தெருவுலகூட வேல தர மாட்டாங்க."

"சொல்லுறன். இப்பவே போறன்."

உள்ளே திரும்பியபோது இரத்தினசபாபதி வழியில் நின்றார். "சொன்னால் எனக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சனீரோ? பிள்ளையோட சுழிபுரத்துக்குப் போய் ஆற்றை வாசலில நிக்கிறது?" என்றார். அவள் வேறு சேலை மாற்றினாள். குடையை எடுத்துக்கொண்டு தனியே ஆபீஸுக்கு நடந்தாள்.

துரை கோபக்காரர் என்று பெயர். ஆனால் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி காட்டினார். அவள் இங்கிலீஷில் பேசத் தொடங்கியதும் ஆச்சரியப்பட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் அளக்கும் அவுன்ஸ் வேறு, நிறுக்கும் அவுன்ஸ் வேறு. கிளாஸில் அளந்ததால் பிள்ளைகளுக்குப் பாதியே போயிற்று. அதைத் திருத்தி முழு அளவு கொடுத்ததால்தான் டின்கள் முடிந்தன. ஜெயம்மா ஒன்றையும் எடுக்கவில்லை. துரை கவனமாகக் கேட்டார். நடுவில் ஒரு முறை, மிகவும் சுவையான விஷயம் என்று தலையாட்டினார்.

"அந்தப் பாதி அளவை எவ்வளவு காலம் கொடுத்தீர்கள்?"

"நாலைந்து மாதம் இருக்கும்."

"அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் செத்தன?"

நாகேஸ்வரிக்குக் கேள்வி போகும் திசை தெரியவில்லை. "ஒன்றும் இல்லை" என்றாள்.

"அப்படியானால் பாதி அளவு போதும் என்றுதானே ஆகிறது? டாக்டர் எழுதுவார், அவருக்கென்ன. டின் வாங்குவது நான். ரப்பர் இப்போது விற்கிற விலையில் இதைவிட நல்ல செய்தி எனக்கு வராது. இனிமேல் கிளாஸ் அளவே இருக்கட்டும்."

அவள் திகைத்துப் போனாள். "பிள்ளைகள் பசியில் அழுகின்றன" என்றாள்.

"பிள்ளைகள் எங்கேயும் அழத்தான் செய்யும்."

"ஜெயம்மா?"

"டின் அவள் அறையில் இருந்தது."

"வெறும் டின். நான் கொடுத்தது."

துரை பேனாவை மூடி வைத்தார். குரல் உயரவில்லை. "இரண்டு சாவி இருந்தது, அதில் ஒன்று ஆயாவிடம் இருந்தது என்று உங்கள் கணவர் இந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னார். பால்மா ஏன் முடிந்தது என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் அவர் சொன்னதே பதிவில் நிற்கும், நான் ஆயாவைத்தான் அனுப்ப வேண்டும். தெரிந்தும் மறைத்தார் என்றால் அவரைத்தான் அனுப்ப வேண்டும். எது என்று நீங்களே சொல்லுங்கள், நான் அப்படியே எழுதுகிறேன்."

மேசை மேல் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். மகன் சட்டென்று நினைவுக்கு வந்தான், தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு. "அவருக்குத் தெரியாது" என்றாள்.

துரை எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அன்று மத்தியானமே ஜெயம்மா புறப்பட்டுவிட்டாள். டிஸ்பென்சரிக்குக் கீழே உள்ள பாதையால்தான் கேகாலை ரோட்டுக்குப் போக வேண்டும். தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு பானை. முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நாகேஸ்வரி சன்னலோரம் நின்றாள். ஜெயம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. நாகேஸ்வரி ஒரு பையில் அரிசியும் ஒரு பழைய சேலையும் வைத்து சோமாவதியிடம் கொடுத்து ஓடிப்போய்க் கொடுக்கச் சொன்னாள். சோமாவதி பையோடு திரும்பி வந்தாள்.

"எப்பா கிவ்வா, நோனா" என்று சிங்களத்தில் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டாளாம்.

"வேற ஒண்டும் சொல்லேல்லையே?"

சோமாவதி தலையை ஆட்டினாள். இல்லை.

அடுத்து வந்த பால்மா டின்களை மடுவத்தில் விடாமல் டிஸ்பென்சரியில் வைத்தார்கள். காலையில் இரத்தினசபாபதியே கிளாஸால் அளந்து ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிக் கொடுப்பார். நாகேஸ்வரி கொண்டுபோய்க் கரைப்பாள். போகமாட்டேன் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். "நீர் போகாட்டில் கங்காணியின்ரை பெண்சாதியை விடுவினம். அவள் அதிலயும் பாதியை வீட்டை கொண்டு போவாள்" என்றார். அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். போனாள். புது ஆயா அழுகிற பிள்ளைகளுக்கு அதட்டல் போட்டாள். போத்தலுக்கு அந்தப் பக்கம் விரல் தெரிந்தது. காத்தமுத்துவின் மகள் கழுத்தை நிமிர்த்தி நாகேஸ்வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் கழுத்து சரிந்தது. வீட்டிலிருந்து பசுப்பாலைச் சின்னச் செம்பில் ஒளித்துக் கொண்டுபோய் இரண்டு நாள் கொடுத்தாள். மூன்றாம் நாள் புது ஆயா, "என்னாங்கம்மா அது?" என்று செம்பை எட்டிப் பார்த்தாள். அதோடு அதுவும் நின்றது.

மழை பிடித்தது. லயங்களில் வயிற்றோட்டம் வந்தது. பெரிய பிள்ளைகள் தப்பின. மார்ப்பால் கிடைத்த பிள்ளைகளும் தப்பின. இந்திராணிக்குத் தாங்க ஒன்றும் இருக்கவில்லை. இரத்தினசபாபதி மருந்து கொடுத்தார். காத்தமுத்துவின் காம்பராவுக்கு இரண்டு தரம் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தார். பிள்ளை செத்தபின் ரிப்போட்டில் வயிற்றோட்டம் என்று எழுதினார். அதில் பிழை சொல்ல முடியாது.

சடங்கெல்லாம் முடிந்து ஒரு நாள் பின்னேரம் காத்தமுத்து டிஸ்பென்சரி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சீப்பு கதலிப்பழம். லயத்துக்குப் பின்னால் அவன் வைத்திருந்த வாழையில் பழுத்தது. படியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"புள்ளைக்கு நீங்க செஞ்சதுக்கு நான் என்னத்தத் தரப்போறேங்க. நடுவுல கொஞ்ச நாளு நீங்க கரைச்சுக் குடுத்து அது எப்படித் தேறுச்சு! அந்த ஜெயம்மா மட்டும் பாலுமாவைக் களவாண்டு திங்காம இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்கும். அவ நாசமாப் போவா. எங்க போனாலும் நாசமாப் போவா."

நாகேஸ்வரி படியிறங்கி வந்தாள். "காத்தமுத்து, இஞ்ச பார். ஜெயம்மா ஒண்டும் எடுக்கேல்லை. சத்தியமா எடுக்கேல்லை. பால்மாவைக் குறைச்சது நாங்கள். அளவில பிழை விட்டது நாங்கள். பிழையெண்டு தெரிஞ்சும் திருத்தேல்லை."

காத்தமுத்து அவளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குப் பெரிய மனசுங்கம்மா" என்றான். "போனவளைக்கூட விட்டுக்குடுக்க மாட்டேங்கிறீங்க. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"நான் சொல்லுறது உண்மை."

"சரிங்கம்மா." கும்பிட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

இரத்தினசபாபதி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து பழச்சீப்பை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தார். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை உரித்தார்.

"நல்ல பழம்" என்றார். "நீரும் ஒண்டு சாப்பிடும்."

நாகேஸ்வரி எழுந்து போய், பாதி எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியை ஏற்றினாள். அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவர் இன்னொரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.